கரண்ட் அறுந்தால்தான் பொறி

1990களில் பொருளாதாரத் தடையால் இலங்கையின் வடக்கே வன்னிக்குள் பெற்றோல் கிடைப்பதே அரிது. பழைய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் எடுத்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தக் கார்களில் கம்பியூற்றர் கிடையாது. எரிபொருளைப் பற்றவைக்கும் பிளக்கில் பொறி வராவிட்டால் ஒரு 12 வோல்ற் பல்பும் இரண்டு துண்டு வயரும் போதும், பிழையைப் பிடித்துவிடலாம்.

பற்றரியில் இருப்பது 12 வோல்ற். பிளக்கின் இடைவெளியைத் தாண்டப் பல ஆயிரம் வோல்ற் வேண்டும். அதற்குத்தான் கொயில். உள்ளே ஒரே இரும்பைச் சுற்றி இரண்டு சுருள்கள்: தடித்த கம்பியில் சில நூறு சுற்று, மெல்லிய கம்பியில் கிட்டத்தட்ட அதன் நூறு மடங்கு. பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ரிபியூற்றரில், எஞ்சின் சுழலச் சுழலத் திறந்து மூடும் சுவிட்ச்தான் பொயின்ற். அது மூடியிருக்கையில் தடித்த சுருளில் 3, 4 அம்பியர் ஓடிக் காந்தப்புலத்தை உண்டாக்கும். அப்போது பொறி வராது. பொயின்ற் திறந்து கரண்ட் அறுபடும் கணத்தில் புலம் சரிகிறது. அந்தச் சரிவுதான் மெல்லிய சுருளில் 15,000, 20,000 வோல்ற் எழுப்புகிறது. குழாயில் வேகமாக ஓடும் தண்ணீரைச் சட்டென்று அடைத்தால் குழாய் அதிருமே, அந்த மாதிரி. மைக்கேல் பரடே 1831இல் கண்டறிந்த மின்தூண்டல்தான் இது. பொயின்றோடு இருக்கும் சிறிய கொண்டென்சருக்கும் (மின்தேக்கி) இதில் பெரிய பங்கு உண்டு. அது பழுதானால் கரண்ட் சட்டென்று அறாமல் பொயின்றிலேயே எரியும். பொறி சோர்ந்துவிடும்.

சரி, தேடலை எங்கே தொடங்குவது? நடுவில். கொயிலிலிருந்து வரும் தடித்த வயரை டிஸ்ரிபியூற்றர் மூடியிலிருந்து கழற்றி, நுனியை எஞ்சின் இரும்புக்கு 6 மில்லிமீற்றர் தள்ளிப் பிடித்து ஸ்ரார்ட்டரைச் சுற்றவிடுங்கள். வெறுங்கையால் பிடிக்கக் கூடாது, பக்கத்தில் பெற்றோல் வாடையும் இருக்கக் கூடாது. நீலப் பொறி சடசடவென்று பாய்ந்தால் கொயில் நல்லது. பிழை மூடியில், அதனுள் சுழலும் றோட்டரில், பிளக் வயரில் அல்லது பிளக்கில். மாரியில் மூடிக்குள் ஈரம் கோர்ப்பது வழமை, துடைத்துக் காயவிட்டாலே பாதிக் கார்கள் எழும்பிவிடும்.

பொறி இல்லையா? பல்பின் ஒரு வயரை எஞ்சின் இரும்பில் வைத்து, மற்றதால் கொயிலுக்குக் கரண்ட் வரும் முனையைத் தொடுங்கள். சாவி போட்டும் எரியாவிட்டால் சாவிப் பக்கம்தான் பார்க்க வேண்டும். எரிந்தால், டிஸ்ரிபியூற்றர்ப் பக்க முனையைத் தொட்டு எஞ்சினைச் சுற்றுங்கள். பல்பு மின்னி மின்னி எரிந்தால் பொயின்ற் வேலை செய்கிறது; கொயிலையோ கொண்டென்சரையோ சந்தேகியுங்கள். எரிந்தபடியே நின்றால் பொயின்ற் மூடவில்லை அல்லது கரி, புழுதி படிந்து கரண்ட் கடக்கவில்லை. எரியவே இல்லையென்றால் பொயின்ற் திறக்கவில்லை, கொண்டென்சர் ஷோர்ட், இல்லாவிட்டால் கொயிலின் உள்கம்பி அறுந்திருக்கிறது. பொயின்றின் திறந்த இடைவெளி 0.4 மில்லிமீற்றர் அளவில் இருக்க வேண்டும்.

மண்ணெண்ணெய்க் காருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. அது முழுதாக எரியாமல் பிளக்கில் கரி பூசும். கரி மின்சாரத்தைக் கடத்தும், ஆகவே கரண்ட் இடைவெளியைத் தாண்டாமல் கரி வழியே கசிந்துவிடும். கொயில் பொறி அருமையாகப் பாயும், எஞ்சினோ எழும்பாது. பிளக்கைக் கழற்றித் துப்புரவாக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் கொயில் வைத்த இன்றைய கார்களில் இந்த வயர் வித்தையைக் காட்டாதீர்கள். போக இடமில்லாத உயர் வோல்ற் உள்ளே இருக்கும் எலக்ட்ரோனிக் பாகங்களைச் சுட்டுவிடும். அவற்றுக்கு ஸ்கேனர்தான்.