வளரும் பிள்ளைக்கு வாங்கிய தலைக்கவசம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை நடந்த ஒரு குதிரையேற்றப் போட்டியில், 11 வயதுச் சிறுமி ஒருத்தியைக் களத்தின் வாசலிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. குதிரையின் பிடரி மயிர் அழகாகப் பின்னப்பட்டிருந்தது, சேணம் பளபளத்தது, சிறுமி தலையைத் திருப்பினால் தலைக்கவசம் மட்டும் திரும்பாமல் முன்னே பார்த்தபடி நின்றது. "வளர்ற பிள்ளை கோச், அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும்னு ஒரு சைஸ் பெருசா எடுத்தோம்" என்றார் தந்தை. இதே விளக்கத்தை இந்த ஆண்டில் நான்காவது முறையாகக் கேட்கிறேன் என்பதால் இதை எழுதுகிறேன்.

பள்ளிச் சீருடையையும், இங்கே சிங்கப்பூரில் தேக்காச் சந்தையில் எடுக்கும் தீபாவளி உடுப்பையும் ஓர் அளவு பெரிதாக வாங்கி, உள்ளே மடித்துத் தைத்து, ஆண்டுக்கு ஆண்டு பிரித்துவிடுவது நம் வீடுகளின் பழக்கம். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். ஆனால் பெரிய சட்டையால் வரும் கேடு பார்வைக்கு நன்றாக இராது என்பதோடு முடிந்துவிடும். பெரிய தலைக்கவசமோ, பிள்ளை விழும் கணத்தில் பின்னால் சரிந்து, எந்த நெற்றியைக் காக்க வாங்கினோமோ அதையே வெளியே காட்டிவிடும். மோவாய்ப் பட்டையை இறுக்கினால் போதாதா என்று கேட்கிறார்கள். போதாது. பட்டை கவசத்தைக் கழன்று விழாமல் பிடிக்குமே தவிர, தலையின் மேல் அது சுழல்வதைத் தடுக்காது. உள்ளே கைக்குட்டையை மடித்து வைப்பதும் உதவாது, அதையும் கண்டிருக்கிறேன். கடையிலேயே, பட்டையைப் பூட்டுவதற்கு முன், பிள்ளையைத் தலையை மெல்ல ஆட்டச் சொல்லுங்கள். நெற்றித் தோல் கவசத்தோடு சேர்ந்து அசைய வேண்டும். போட்டியன்று முடியை எப்படிக் கட்டுவீர்களோ அப்படியே கட்டி அழைத்துச் செல்லுங்கள். நம் பெண்பிள்ளைகளின் அடர்ந்த கூந்தலை உச்சிக் கொண்டையாக்கி அதன்மேல் கவசத்தை ஏற்றி அளவெடுத்தால், கொண்டைக்குத்தான் அளவெடுத்தவர்களாவீர்கள். பிடரியில் தாழப் பின்னி, வலையிட்டு அடக்குவதே முறை.

கெட்டிக்காரர்களுக்குக் கவசம் தேவையில்லை என்ற பேச்சும் இன்னும் ஓயவில்லை. அமெரிக்க ஒலிம்பிக் வீராங்கனை கோர்ட்னி கிங்-டை, 2010 மார்ச்சில், பயிற்சியின்போது குதிரை இடறியதால் விழுந்தார். தலையில் கவசம் இல்லாததால் மூளையில் அடிபட்டு வாரக்கணக்கில் நினைவின்றிக் கிடந்தார். குதிரையின் நடையழகைக் காட்டும் டிரெஸாஜ் போட்டிகளின் பெருமையாகக் கருதப்பட்ட உயரத் தொப்பி, 2021 முதல் சர்வதேசப் போட்டிகளில் தலைக்கவசத்துக்கு இடம்விட்டு ஒதுங்கியது.

பூட்ஸிலும் இதே 'வளரும் பிள்ளை' கணக்குதான். குதிகால் உள்ள, காலுக்குப் பொருந்திய பூட்ஸ் வேண்டும். சேணத்திலிருந்து தொங்கும், கால் வைக்கும் வளையமான அங்கவடி பூட்ஸைவிட ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் அகலமாக இருக்க வேண்டும். பூட்ஸ் மாறினால் அங்கவடியையும் அளந்து பாருங்கள். ஓட்டப்பயிற்சிக் காலணி கூடவே கூடாது. ஏன் என்று, அங்கவடியில் கால் சிக்கிக் குதிரையோடு இழுபட்ட ஒருவரை ஒருமுறை பார்த்தவர்கள் கேட்பதில்லை.

ஜாக்கெட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பழையதை வாங்குங்கள், இரவல் கேளுங்கள், பணம் மிச்சம். தலைக்கவசத்தை மட்டும் அப்படி வாங்காதீர்கள்; அது எத்தனை முறை தரையில் மோதியது என்பதை விற்பவர் சொன்னால்தான் உண்டு. நம் ஊர்ப் புழுக்கத்தில் நடுவர்கள் ஜாக்கெட்டைக் கழற்ற அனுமதிப்பதுண்டு. அந்த நேரத்தில் உள்ளே கார்ட்டூன் டி-சட்டை தெரிந்தால் நான் என்ன செய்வது? கழுத்துப்பட்டி உள்ள வெள்ளைச் சட்டையை அணிவித்து அனுப்புங்கள்.

குதிரையைக் கையில் பிடித்து நடத்திக் காட்டும் பிரிவில் ஏறுவதே இல்லையே என்று செருப்போடும் மோதிரத்தோடும் வருகிறார்கள். கயிறு வெடுக்கென்று இழுபடும்போது மோதிரம் விரலின் தோலையே உரித்துவிடும். மோதிரம், வளையல், ஜிமிக்கி எல்லாவற்றையும் வீட்டில் வைத்துவிட்டு, கையுறையும் பூட்ஸும் தலைக்கவசமும் அணியுங்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள்.

பார்க்க வரும் அம்மாக்களிடமும் பாட்டிகளிடமும் ஒரு வேண்டுகோள். இங்குள்ள சவாரிக் குதிரைகளில் பல பந்தயத்தில் ஓடி ஓய்ந்தவை. கிராஞ்சிக் குதிரைப் பந்தயத் திடலில் 2024 அக்டோபர் 5 அன்று கடைசிப் பந்தயம் முடியும்வரை அத்தனை ஆரவாரத்தைப் பார்த்த குதிரைக்குக் குடை ஒரு பொருட்டா என்று எண்ணாதீர்கள். வேலியோரத்தில் திடீரென்று விரியும் குடையும் காற்றில் படபடக்கும் துப்பட்டாவும் எந்தக் குதிரையையும் மிரளவைக்கும். துப்பட்டாவை முடிந்துகொள்ளுங்கள், குடையைக் கொட்டகைக்குப் பின்னால் விரியுங்கள்.

அந்தச் சிறுமிக்கு அலுவலகத்திலிருந்து பொருத்தமான கவசம் ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தோம். இரண்டு பிரிவுகள் தள்ளிக் களமிறங்கினாள். புதுக் கவசத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்த தந்தை, கடைக்காரர் மாற்றித் தருவாரா என்று என்னிடம் கேட்டார். சீட்டு இருந்தால் நாளைக்கே போங்கள், பிள்ளையையும் கூட்டிப் போங்கள் என்றேன்.