வரைபடத்தில் வெளிறிப்போன இடம் வெற்று நிலம் இல்லை

மறுபடி ஒரு சுற்றுச்சூழல் அறிக்கை. ராஜஸ்தானில் ஜெய்சல்மேர் பக்கம் சூரிய மின் பூங்கா வரப்போகும் நிலம் வாழிட வரைபடத்தில் வெளிர் மஞ்சளாக இருக்கிறதாம், ஆகவே பாலைநிலத்தில் வளை தோண்டி வாழும் முள்வால் பல்லி அங்கே இல்லையாம். ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். இப்படி எத்தனை அறிக்கைகளைத்தான் படிப்பது?

அந்த வரைபடம் பல்லிக் கணக்கெடுப்பு கிடையாது. பல்லி தென்பட்ட இடங்களை ஜிபிஎஸ்ஸில் குறித்து, அங்குள்ள மண், சரிவு, செடிகொடி, வெப்பம், மழை விவரங்களோடு மாக்ஸென்ட் போன்ற மென்பொருளில் போட்டால், அதேபோன்ற நிலம் வேறு எங்கே இருக்கிறதென்று 0 முதல் 1 வரை மதிப்புப் போட்டுத் தரும், அவ்வளவுதான். வெளிர் நிறம், அதாவது 0.2 போன்ற குறைந்த மதிப்பு என்றால் நாம் பார்த்த இடங்களோடு அவ்வளவாக ஒத்துப்போகவில்லை என்று பொருள். அங்கே பல்லியே கிடையாது என்று யார் சொன்னது? ஜீப்பை விட்டு இறங்காமல் சாலையோரமாகவே புள்ளி எடுத்தால், மென்பொருளும் சாலையோரத்தைத்தான் நல்ல வாழிடம் என்று காட்டும். (இதைச் சரிக்கட்ட வழிகள் உண்டு. அறிக்கையில் முதலில் அதைத் தேடுங்கள்.)

'நேரிலும் பார்த்தோம், ஒன்றும் இல்லை' என்பவர்களிடம் எந்த மாதம் போனீர்கள் என்று கேளுங்கள். டிசம்பர், ஜனவரியில் போனால் என்ன தெரியும்? வளைவாயை உள்ளிருந்து மண்ணால் அடைத்துக்கொண்டு குளிர்காலம் முழுக்க உறங்கும் பிராணி அது. வெயில் ஏறும் மாதங்களில் போய், வளையருகே புழுக்கை கிடக்கிறதா, வால் இழுபட்ட தடம் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். மணல்மேடுகளில் தேடாதீர்கள். சரளை கலந்த இறுகிய சமவெளியில்தான் வளை சரியாமல் நிற்கும். அந்தச் சமவெளியைத்தான் தரிசு என்று எழுதிவைத்துச் சூரிய மின் தகடுகளைப் பதிக்கிறோம், கால்வாய்த் தண்ணீர் வந்த பக்கமெல்லாம் உழுதும்விட்டோம். புல்லும் இலையும் பூவும் தின்னும் இந்தப் பல்லி லகர் வல்லூறுக்கும் பாலைவன நரிக்கும் இரை, அதையும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

அப்புறம், தயவுசெய்து வளைகளின் துல்லியமான இடத்தை அறிக்கையிலோ இன்ஸ்டாகிராமிலோ போடாதீர்கள். வால் கொழுப்பைக் காய்ச்சி 'சாண்டா எண்ணெய்' என்று ஆண்மை மருந்தாக விற்கும் கும்பலுக்கு நாமே வழிகாட்டியாகிவிடுவோம். அது வெறும் கொழுப்பு, வாங்கவே வாங்காதீர்கள். ஐயுசிஎன் (சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) பட்டியலில் ஏற்கெனவே அழிவாய்ப்புள்ள இனமாகிவிட்ட விலங்கு இது. பொதுவில் வைக்கும் வரைபடத்தில் பெரிய கட்டங்களாக மட்டும் காட்டுங்கள், புள்ளிகளை வனத்துறையிடம் நேரில் கொடுங்கள்.