விமர்சனச் சிந்தனையா, ஆய்ந்து தெளிதலா?

ஒரு கூற்றை நம்பலாமா என்று ஆராய்ந்து பார்க்கும் 'கிறிட்டிக்கல் திங்கிங்' என்பதற்குத் தமிழில் மூன்று நாலு ஆக்கங்கள் புழங்குகின்றன: விமர்சனச் சிந்தனை, திறனாய்வுச் சிந்தனை, நுண்ணாய்வுச் சிந்தனை. முதலாவதுதான் அதிகம் காதில் விழுகிறது. வில்லங்கமும் அதிலேதான். யாழ்ப்பாணத்தில் ஒருவரை "அவர் எல்லாத்தையும் விமர்சிக்கிறவர்" என்று சொன்னால் அதைப் பாராட்டாக யாரும் எடுப்பதில்லை. குறை பிடிக்கிறவர் என்றுதான் விளங்கும். அந்த விளக்கத்தோடு விவாத மேடை ஏறும் பிள்ளை, எதிரணியின் ஒவ்வொரு வசனத்திலும் ஓட்டை தேடுவதுதான் சிந்தனை என்று நம்பிவிடும்.

மூலச் சொல்லில் குறை பிடிக்கும் பொருள் கிடையாது. கிரேக்கத்தில் 'கிறினெயின்' என்றால் பிரித்தல், வேறாக்குதல், அதன்வழி தீர்ப்புச் சொல்லுதல். இதே பழைய வேரிலிருந்துதான் லத்தீனில் அரிதட்டுக்கான 'கிறிப்றும்' என்ற சொல்லும் வந்தது. மாவை அரிக்கிறவர் அரிதட்டில் தங்கும் கப்பியை எறிந்துவிடுவதில்லை, திரும்ப இடிக்கிறார். வடமொழி 'விமர்ச'வும் அப்படித்தான்: தொடுதல், தடவிப்பார்த்தல் என்ற வினையடியில் பிறந்து, ஆராய்தல் என்ற பொருளுக்கு வந்தது. குற்றம் காணுதல் பின்னால் ஏறிய அழுக்கு.

கல்வியுலகில் இந்தத் தொடரைப் பரப்பியவர்களில் அமெரிக்க மெய்யியலாளர் ஜோன் டூயி முக்கியமானவர். 1910இல் வெளிவந்த நூலில், முடிவை உடனே எடுக்காமல் நிறுத்திவைப்பதுதான் இதன் சாரம் என்றார். பிரச்சினை என்ன என்பதை விசாரித்து அறியும்வரைக்குமான நிறுத்தம் அது.

தமிழில் இதற்குக் கைவசம் இருந்த வினைகள் இரண்டு: தேர், தெளி. திருக்குறளின் 51ஆம் அதிகாரம் தெரிந்து தெளிதல். அதன் கடைசிக் குறள் (510), "தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்" என்கிறது. ஆராயாமல் நம்புவதும், ஆராய்ந்து நம்பியபின் சந்தேகப்படுவதும் தீராத துன்பம் தரும். அரசன் ஆளைத் தெரிவுசெய்வது பற்றிய குறள்தான். ஆனால் ஐயத்துக்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் உண்டு என்பதை ஒன்றே முக்கால் அடிக்குள் அடக்கிவிட்டது. 'தேர்தல்' என்ற சொல்லையே இதற்கு வைத்துக்கொள்ளலாம் என்றால், அதை வாக்குப்பெட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டது! ஆகவே எங்கள் பரிந்துரை: ஆய்ந்து தெளிதல். 'சிந்தனை' என்ற ஒட்டுத் தேவையில்லை. வினையாக இருப்பதே நல்லது, ஏனென்றால் இது செய்ய வேண்டிய ஒரு வேலை.

வேலை எப்படி நடக்கிறது என்று ஒரு வசனத்தில் பார்ப்போம். "குடாநாட்டுக் கிணத்துத் தண்ணியெல்லாம் நஞ்சாப் போச்சுது." மேடையில் இது கைதட்டல் வாங்கும். ஆய்கிறவர் கேட்க வேண்டியவை: எத்தனை கிணறு, எந்த ஊர், மாரியிலா கோடையிலா எடுத்த நீர், எதை அளந்தது, எந்த எல்லையோடு ஒப்பிட்டது. சுண்ணக்கல்லுக்குள் நிற்கும் எங்கள் நீரில் உரம், மாட்டெரு, மலசலகூடக் குழி ஆகியவற்றிலிருந்து நைத்திரேற்று என்ற நைதரசன் சேர்மம் இறங்குகிறது என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை. தோட்டத்துக் கிணறும் மணற்பாங்கான ஊர்க் கிணறும் ஒரே அளவு காட்டா.

இனி ஒரு பொறி. கிணற்று நீரிலுள்ள நைத்திரேற்றைப் பற்றி ஒரு பேச்சாளர் "லீற்றருக்கு 12 மில்லிகிராம்" என்கிறார். மற்றவர் "53" என்கிறார். சபை இரண்டில் ஒன்று பொய் என்று முடிவு கட்டும். இரண்டும் ஒரே தண்ணீராக இருக்கலாம். முதலாவது நைத்திரேற்றிலுள்ள நைதரசனை மட்டும் கணக்கிட்டது, இரண்டாவது முழு நைத்திரேற்றை. முன்னதை 4.43ஆல் பெருக்கினால் பின்னது வரும். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையும் அப்படியே: நைத்திரேற்றாக 50, நைதரசனாக ஏறக்குறைய 11. அலகின் பெயரைக் கேளாமல் 12ஐ 50ஓடு ஒப்பிட்டவர் "நாலில் ஒரு பங்குகூட இல்லை, பயப்படாதேங்கோ" என்று சபையை அனுப்பிவைப்பார். அந்த எல்லை முதன்மையாகப் போத்தல் பால் குடிக்கும் கைக்குழந்தைகளைக் காக்க வைத்தது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்றுப் போகாது. நீர் வற்றுவதால் செறிவு கொஞ்சம் கூடவே செய்யும்.

இவ்வளவும் எண்களைப் பிரித்துப் பார்த்த வேலை. எதிர்வாதத்தைக் கையாளும் முறையை நன்னூல் 'எழுவகை மதம்' என்ற சூத்திரத்தில் வைத்திருக்கிறது (மதம் என்றால் இங்கே கொள்கை). ஏழில் மூன்றாவது, "பிறர்தம் மதமேற் கொண்டு களைவு": மற்றவரின் கருத்தை முதலில் தானே ஏற்று நிறுத்திப் பிறகு களைதல். முதலாவது 'உடன்படல்' என்பதையும் மறக்கக்கூடாது, எங்கள் மேடைகளில் அரிதாகக் காணும் பண்டம் அது. ஆறுமுக நாவலர் 1854இல் வெளியிட்ட சைவதூஷண பரிகாரத்தில் மிசனரிமாரின் குற்றச்சாட்டுகளுக்கு அவர்களின் வேதத்திலிருந்தே மறுமொழி தேடினார். அவருக்கு அது முடிந்தது, ஏனென்றால் மெதடிஸ்த மிசனரி பீற்றர் பேர்சிவலோடு விவிலிய மொழிபெயர்ப்பில் வேலை செய்தவர். எதிரியின் நூலை எதிரியளவு படித்திருந்தார். படிக்காமல் எழுதிய கண்டனங்களும் அந்த நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து அச்சுக்கூடங்களில் குறைவில்லை.

ஆய்ந்து தெளிதலின் எல்லைகள் எங்கே தொடங்குகின்றன? முதலில் மேடையின் வடிவத்தில். பட்டிமன்றத்தில் அணி முன்கூட்டியே பிரிக்கப்படுகிறது. தன் முடிவை நிறுத்திவைக்கும் பேச்சாளரை எந்த நடுவரும் விரும்பமாட்டார். அங்கே வளர்வது வாதத்திறமை, அது வேறு சரக்கு. மணிமேகலையின் விழாவறை காதையும் "பட்டிமண்டபத்துப் பாங்கறிந்து ஏறுமின்" என்றுதான் சொல்கிறது.

அடுத்தது போலிகளின், அதாவது வழுவான நியாயங்களின், பட்டியல். உயர்தரத்தில் அளவையியல் (தர்க்கம்) படித்தவர்களுக்கு வரும் நோய் இது: எதிராளி வாய் திறந்ததும் "இது ஆளைத் தாக்கும் போலி" என்று பெயர் சூட்டிவிட்டு இருந்துவிடுவார்கள். நியாயம் வழுவாக இருந்தாலும் முடிவு உண்மையாக இருக்கலாம். கிணறு கெட்டதற்குப் பிழையான காரணம் சொன்னவரின் கிணறு கெடாமல் இருக்கப் போவதில்லை.

மூன்றாவது, எல்லாவற்றையும் தானே ஆய முடியாது. வீட்டில் நைத்திரேற்றை நம்பகமாக அளக்க வசதியுள்ளவர் எத்தனை பேர்? ஆய்வுகூடத்தை நம்பத்தான் வேண்டும். அந்த ஆய்வுகூடம் எப்படி மாதிரி எடுத்தது என்று கேட்பது ஆய்வு. பதில் கிடைத்த பிறகும் "இன்னும் சான்று வரட்டும்" என்று ஆண்டுக்கணக்கில் இழுப்பது குறள் 510 சொல்லும் இரண்டாவது பிழை, தெளிந்தபின் ஐயுறல். இப்படி இழுப்பதில் யாருக்கு லாபம் என்பதையும் கேட்கலாம்.

எல்லாவற்றிலும் கடினமானது, சான்று தீர்ந்த இடத்திலும் பூசல் தீராதது. கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரும் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கொள்ளளவு, மழை, வயலுக்கான தேவை எல்லாம் கணக்கிடக்கூடியவை. ஆனால் கிளிநொச்சி விவசாயியின் சிறுபோகம் (கோடை நெற்செய்கை) முந்தியா, யாழ்ப்பாணத்துக் குழந்தையின் குடிநீர் முந்தியா என்பதைக் கணக்கு சொல்லாது. அது பங்கீட்டுக் கேள்வி. யாரைக் கேட்டு, என்ன ஈடு கொடுத்து, வறட்சி ஆண்டில் யாருக்கு முதலில் மதகைத் திறப்பது என்று ஆட்கள் இருந்து பேசித் தீர்க்க வேண்டியது. விவசாயிகளின் எதிர்ப்புக்குப் பிறகு கவனம் வடமராட்சி கிழக்கின் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் பக்கம் திரும்பியது. இரணைமடு நீர் போதுமா என்ற கேள்வியும், அதை எடுக்கலாமா என்ற கேள்வியும் அதனால் தீர்ந்துபோகவில்லை.

சொல்லைக் கையாளும்போது: நூலையோ நாடகத்தையோ மதிப்பிட்டால் 'விமர்சனம்', 'திறனாய்வு' இருக்கட்டும், அவை அங்கே வேரூன்றிவிட்டன. ஒரு கூற்றை நம்பலாமா என்று பார்க்கும் வேலைக்கு 'ஆய்ந்து தெளிதல்'. 'விமர்சனச் சிந்தனையை வளர்த்தல்' என்று பாடக்குறிப்பில் எழுதும் இடத்தில் 'கேட்டதை ஆய்ந்து தெளியப் பழக்குதல்' என்று எழுதினால், வகுப்பில் என்ன செய்ய வேண்டும் என்பது ஆசிரியருக்கும் விளங்கும்.