கட்டிலருகே என்ன பேசுகிறோம்?

தலையில் அடிபட்டுத் தீவிர சிகிச்சைப் பிரிவில் அசைவின்றிக் கிடப்பவரின் தலைமாட்டில் நின்றுகொண்டே, "இனி பிழைத்து என்ன பயன்?" என்று உறவினர்கள் பேசுகிறார்கள். நரம்பியல் மருத்துவராக இதை அடிக்கடி கேட்கிறேன். தயவுசெய்து அங்கே அப்படிப் பேசாதீர்கள். அவர் காதில் விழலாம்.

விழித்திருப்பது வேறு, அறிவது வேறு. விழிப்பை, மூளையின் அடியில் தண்டுவடத்தோடு இணையும் மூளைத்தண்டு பார்த்துக்கொள்கிறது. தன்னையும் சுற்றியிருப்பவர்களையும் அறிய, மூளையின் மேலுறையான பெருமூளைப் புறணியும், அதன் நடுவே இருக்கும் தாலமஸ் என்ற பகுதியும் சேர்ந்து இயங்க வேண்டும். கோமாவில் விழிப்பு, அறிதல் இரண்டுமே இருக்காது. பல நேரங்களில் சில வாரங்களில் கண் திறக்கும்; தூங்குவார், விழிப்பார். ஆனால் கூப்பிட்டால் பதில் இராது. குடும்பத்தை அதிகம் வதைப்பது இந்தக் கட்டம்தான்.

1974இல் வந்த கிளாஸ்கோ கோமா அளவுகோல் கண், பேச்சு, அசைவு மூன்றுக்கும் சேர்த்து 3 முதல் 15 வரை மதிப்பெண் தருகிறது. அவசரத்துக்கு அருமையான கருவி. ஆனால் வெளியே தெரிவதை மட்டுமே அது அளக்கும். 2006இல் நரம்பியல் ஆய்வாளர் ஏட்ரியன் ஓவன் குழுவினர், விபத்தில் சிக்கி 5 மாதங்களாக எந்தப் பதிலும் தராத 23 வயதுப் பெண்ணிடம், டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். ஆரோக்கியமானவர்களிடம் இயங்கிய அதே மூளைப்பகுதி அவருக்கும் இயங்கியதை ஸ்கேன் காட்டியது. 2024இல் வெளியான ஆய்வில், சொன்னதற்கு அசையாத 241 பேரில் 60 பேரின் மூளை கட்டளையைப் பின்பற்றியிருந்தது. நால்வரில் ஒருவர்!

எல்லா ஊரிலும் இந்த வசதி கிடையாது. முகம் பார்க்கும் கண்ணாடி போதும் என்று தொடங்குகிறேன். முகத்துக்கு ஒரு சாண் தொலைவுக்குள் பிடித்து, மெல்ல இடமும் வலமும் நகர்த்துவேன். வேறெந்தப் பொருளையும் பின்தொடராத கண், சிலருக்குத் தன் முகத்தைப் பின்தொடரும். காலையில் தொடராதது மாலையில் தொடரலாம். உணர்வு வந்து வந்து போகும். ஒரே சோதனையில் முடிவு கட்டக் கூடாது.

மூளைச்சாவு இதில் சேராது. அங்கே மூளைத்தண்டும் நின்றுவிட்டது, மீட்சியில்லை. இந்தியாவின் 1994 உறுப்பு மாற்றுச் சட்டப்படி 4 மருத்துவர் கொண்ட குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்த பிறகே அதை அறிவிக்கும்.

மூளைச்சாவு அடையாத மற்ற நோயாளிகளிடம் பெயர் சொல்லிப் பேசுங்கள். ஊசி போடுமுன் சொல்லிவிட்டுப் போடச் சொல்லிக் கேளுங்கள். அம்மா குரலுக்கு மட்டும் கண் திரும்பியது, பேத்தி கையைப் பிடித்ததும் விரல் இறுகியது என்பதையெல்லாம் நேரத்தோடு குறித்து வையுங்கள். வீட்டுக்கு அழைத்துப் போனபின் கைப்பேசியில் படம்பிடித்து வாருங்கள். புதிய ஸ்கேன் எழுதுவதற்கு முன் அதைத்தான் நான் கேட்டு வாங்கிப் பார்க்கிறேன்.