ஈரச் சுவரைக் காய வைத்தவர்கள்

பெர்லின் நகரின் வடபகுதியில் இருக்கிறது வெடிங். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆலை வேலை தேடி வந்த ஜனங்கள் அங்கே குவிந்தார்கள். 1871-இல் சுமார் 8 லட்சமாக இருந்த பெர்லின் மக்கள்தொகை 1905-இல் 20 லட்சத்தைத் தொட்டது. 1862-இல் ஜேம்ஸ் ஹோப்ரெக்ட் போட்ட நகரத் திட்டம் தெருக்களை மட்டும்தான் வரைந்தது. உள்ளே எப்படிக் கட்டுவது என்பது மனைக்காரர் பாடு. தீயணைப்பு வண்டி திரும்ப முற்றம் நீளத்திலும் அகலத்திலும் 5.34 மீட்டர் இருந்தால் போதும் என்றது விதி. அதனால் முற்றத்துக்குப் பின்னால் கட்டடம், அதற்குப் பின்னால் இன்னொரு முற்றம் என்று அடுக்கிக்கொண்டே போனார்கள். ஆக்கர் தெருவில் 1874-இல் எழுந்த மையர்ஸ் ஹோஃப் குடியிருப்பில் இப்படி வரிசையாக ஆறு முற்றங்கள். நெரிசல் உச்சத்தில் இருந்தபோது அங்கே சுமார் 2,000 பேர் வாழ்ந்தார்கள்.

இதைவிட மனதை உறுத்துவது, அந்தக் காலத்துப் புதுக் கட்டடங்கள் காய்ந்த விதம்.

சுண்ணாம்புக் காரை சும்மா உலர்ந்து இறுகுவதில்லை. நீற்றுச் சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவோடு சேர்ந்தால்தான் கல்லாகிறது. அந்த வினையே புதிதாகத் தண்ணீரையும் வெளியேற்றும். 74 கிராம் சுண்ணாம்புக்கு 18 கிராம் தண்ணீர். பூச்சு வேலை முடிந்த பிறகும் மாதக்கணக்கில் சுவரில் ஓதம் அடிப்பது இதனாலும்தான். வெளிக்காற்றில் அன்று கரியமில வாயு 10,000-இல் 3 பங்குதான் இருந்தது. மனிதன் விடும் மூச்சில் அது நூற்றுக்கு 4 பங்கு. ஒரு நாளில் ஓர் ஆள் வெளிவிடுவது ஏறக்குறைய ஒரு கிலோ.

சரி, காலியாகக் கிடக்கும் வீட்டில் குறைந்த வாடகைக்கு ஆள் வைத்தால்? அவர்கள் மூச்சு காரையை இறுக்கும், அவர்கள் மூட்டும் அடுப்பு ஈரத்தை இழுக்கும். முழு வாடகை கொடுக்க வழியில்லாத ஏழைகள் குழந்தைகுட்டிகளோடு குடிவந்தார்கள். ‘ட்ரோக்கன்வோனர்’, அதாவது குடியிருந்தே வீட்டைக் காய வைப்பவர்கள் என்று ஊரில் அவர்களுக்குப் பெயர். சில மாதங்களில் சுவர் காய்ந்ததும் வீட்டுக்காரர்கள் முழு வாடகை கேட்பார்கள். கொடுக்க முடியாதவர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த ஈர வீட்டுக்குப் போனார்கள்.

ஈரச் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும், மூச்சுக்குழாய் கெடும். வாடகையைச் சமாளிக்க வெளியாளுக்கும் படுக்க இடம் விட்டதில், ஜன்னல் சாத்திய ஒரே அறையில் பலர் தூங்கினார்கள். காசநோய் காற்றில் பரவ அதற்கு மேல் என்ன வேண்டும்? அந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததாக ராபர்ட் கோக் 1882-இல் அறிவித்ததும் இதே பெர்லினில்தான். ஆனால் கிருமி தெரிந்ததால் மட்டும் அறை பெரிதாகிவிடவில்லை. வீடுகள் மாற இன்னும் நாற்பது வருஷம் ஆனது. 1924-இல் கட்டடக் கலைஞர் புரூனோ டவுட் வெடிங்கின் ஷில்லர் பூங்காவை ஒட்டிக் கட்டத் தொடங்கிய குடியிருப்பில் இருண்ட பின்கட்டுகள் கிடையாது. வெயிலும் காற்றும் வர பால்கனிகள், நடுவே திறந்த புல்வெளி.