முளைய மாதிரியுரு: சொல்லும் ஆக்கவுரிமையும்

மனிதக் குருத்துக் கலங்களை (வெவ்வேறு கலவகைகளாக மாறக்கூடிய கலங்களை) ஆய்வுகூடத்தில் ஒன்றுசேர்த்து, தகுந்த ஊடகத்தில் வளர்த்தால் அவை தாமாகவே ஒழுங்கமைகின்றன. கருக்கட்டலுக்குப் பிந்திய முதல் ஒன்றிரண்டு வாரத்து முளையத்தைப் போன்ற அமைப்பு உருவாகிறது. அந்தக் கலத்திரளே முளைய மாதிரியுரு. அதில் விந்தும் இல்லை, முட்டையும் இல்லை.

தமிழ்ச் செய்திகளில் இதைச் ‘செயற்கைக் கரு’ என்றும் ‘செயற்கை முளையம்’ என்றும் ‘முளைய மாதிரி’ என்றும் எழுதுகிறார்கள். மூன்றுமே பொருந்தாதவை. பேச்சில் அதனால் பெரிய கேடு இல்லை. ஆக்கவுரிமை (பேட்டன்ட்) விண்ணப்பத்தில் மட்டும் இந்தப் பெயரை வைத்தே உரிமை கிடைப்பதும் கிடைக்காமற் போவதும் தீர்மானமாகக்கூடும். திருகோணமலையில் உயர்தர உயிரியலைத் தமிழில் படிப்பிப்பவர்களும், இந்த விடயத்தைத் தமிழில் எழுத முனைபவர்களும் சொல்லைச் சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டிய இடம் இது.

முதலில் முளையம். இலங்கைப் பாடநூல்கள் நெடுங்காலமாக ஆளும் சொல் இது. மூலமான கிரேக்கச் சொல்லுக்கு ‘உள்ளே பருத்து வளர்வது’ என்பது பொருள். தம்பலகாமத்து வயற்காரர் விதைநெல்லை ஊறவைத்து முளைகட்டும்போது உமியைத் தள்ளிக்கொண்டு வருவதும் அதுவே; சொல் மண்ணோடு ஒட்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் ‘கரு’ என்பார்கள். நம்மிடம் அது இடறும். இலங்கைத் தமிழ் உயிரியலில் கரு என்றால் கலத்தின் கரு, அதாவது மரபுப்பொருள் இருக்கும் உறுப்பு. ‘வேறு கலத்தின் கருவை முட்டைக்குள் மாற்றிப் பெற்ற கரு’ என்று எழுதினால் ஒரே வாக்கியத்தில் ஒரே சொல் இரண்டு பொருளில் வந்து நிற்கும். இந்த வாக்கியம் கற்பனையல்ல: ஐரோப்பிய நீதிமன்றம் முளையத்துக்குக் கொடுத்த வரையறையில் இந்த வகை முட்டையும் அடங்குகிறது. கருவையும் முளையத்தையும் பிரித்து எழுதாமல் அந்தத் தீர்ப்பைத் தமிழில் சொல்லவே முடியாது.

அடுத்தது மாதிரி. ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் ‘இரத்த மாதிரி’ என்று சீட்டு ஒட்டினால், உடம்பிலிருந்து எடுத்த இரத்தத்தின் ஒரு பகுதி என்று பொருள். அந்த வழக்கில் ‘முளைய மாதிரி’ என்றால் உண்மையான மனித முளையத்திலிருந்து வெட்டியெடுத்த துண்டு. நாம் சொல்ல வந்ததற்கு நேர் எதிர். ‘மாதிரியுரு’ என்று ஓர் உருவைச் சேர்த்துவிட்டால் இந்தக் குழப்பம் தீர்கிறது. நீளம் கூடினாலும் இந்தச் சொல்லையே பரிந்துரைக்கிறோம்.

‘செயற்கை முளையம்’ இன்னும் ஆபத்தானது. தமிழ் இலக்கணப்படி செயற்கை முளையமும் ஒரு முளையமே. செயற்கை ஏரியும் ஏரி என்பதுபோல. குருத்துக் கல ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம் 2023 ஜூனில், இவை முளையங்கள் அல்ல, ‘செயற்கை முளையம்’ என்ற பெயர் தவறானது என்று வெளிப்படையாக அறிவித்தது.

தனிவகைகளுக்குப் ‘போலி’ என்ற ஈறு கைகொடுக்கும். அல்கலொயிட்டைக் காரப்போலி என்று நம் கலைச்சொல்லாக்கத்தில் ஏற்கெனவே எழுதியிருக்கிறார்கள். ‘ஒயிட்’ என்ற ஈறு கிரேக்கத்தில் ‘வடிவம்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. பிளாஸ்ட்டொயிட்டில் வரும் ‘பிளாஸ்டோஸ்’ அரும்பு. பாடநூலில் அதற்குரிய இயற்கை நிலை அரும்பர்ச்சிறைப்பை, அதாவது கருப்பையில் பதியுமுன் முளையம் உள்ளே குழிவுள்ள பந்தாக இருக்கும் நிலை. ஆகவே பிளாஸ்ட்டொயிட் அரும்பர்ப்போலி. கடைத்தெருவில் போலி என்றால் கள்ளச்சரக்கு என்பது தெரிந்ததே. இலக்கணத்தில் முதற்போலி, கடைப்போலி என்று படித்த பொருளை வைத்துக்கொண்டால் உறுத்தல் இல்லை. கலப்படைகள் பிரியும் அடுத்த நிலையை ஒத்த கஸ்ட்ருலொயிட்டுக்கு இன்னும் நல்ல தமிழ் கைவரவில்லை. அதை அப்படியே எழுதுவது மேல்.

குருத்துக் கலம் என்பதற்கும் ஒரு வரி. ஜெர்மன் உயிரியலாளர் ஏர்ன்ஸ்ட் ஹெக்கல் 1868இல் ‘ஸ்டம்செல்’ என்று ஆண்டார். அந்த ‘ஸ்டம்’ மரத்தின் அடியையும் குலத்தின் முதலையும் குறிக்கும். தண்டுக்கலம் என்பது ஆங்கிலத்தின் வழியே வந்த நேர்ப்பெயர்ப்பு. குருத்து, புதிதாய்க் கிளைக்கும் ஆற்றலைச் சொல்வதால் பொருத்தம் கூடியது.

இனி ஆக்கவுரிமை. பேட்டன்ட் என்பதன் வேர் இலத்தீனில் ‘திறந்த மடல்’. மன்னர் முத்திரை மடலின் அடியில் தொங்கும். முத்திரையை உடைக்காமல் எவரும் வாசிக்கலாம். இன்றைய சட்டமும் அதே பேரம்தான்: செய்முறையை மறைக்காமல் வெளியிடு, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு பிறர் செய்யாமல் தடுக்கும் உரிமையை வாங்கிக்கொள். தமிழ்நாட்டு வழக்கான ‘காப்புரிமை’ பதிப்புரிமையோடும் கலந்து வழங்குகிறது. ‘காப்பு’ மறைத்து வைப்பதையும் நினைவூட்டுகிறது. நம் வழக்கில் உள்ள ஆக்கவுரிமையே தெளிவு. இந்த உரிமை வெறும் தடுப்புரிமை என்பதையும் மறக்கக் கூடாது. ஆக்கவுரிமை இருந்தாலும் ஆய்வைச் செய்ய அனுமதி தனியாக வேண்டும்.

தமிழில் ‘கண்டுபிடிப்பு’ என்ற ஒரே சொல் ஏற்கெனவே இருந்ததை அறிந்ததற்கும் புதிதாய் ஆக்கியதற்கும் ஓடுகிறது. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் 62ஆம் பிரிவில் முதல் வகையை ஆக்கவுரிமைக்கு வெளியே தள்ளுகிறது. குருத்துக் கலங்கள் தாமாக ஒழுங்கமைகின்றன என்பது கண்டறிவு. அவற்றை அப்படி ஒழுங்கமையச் செய்யும் ஊடகமும் கால அட்டவணையும் புத்தாக்கம். விண்ணப்பத்தில் கண்டுபிடிப்பு என்று எழுதாமல் இந்த இரண்டு சொற்களையும் பிரித்து ஆளுங்கள்.

அதே 62ஆம் பிரிவு தாவரம், விலங்கு, மனித உடல்மீது செய்யும் சிகிச்சை முறை, பொது ஒழுங்குக்கும் ஒழுக்கத்துக்கும் முரணானவை ஆகியவற்றையும் விலக்குகிறது. முளையம் என்ற சொல் அங்கே இல்லை. ஆகவே இலங்கையில் கேள்வி ‘ஒழுக்கம்’ என்ற சொல்லில் வந்து முட்டும். தமிழ்ச் சட்டப் பாடத்துக்கும் சிங்களப் பாடத்துக்கும் முரண் வந்தால் சிங்களமே மேலோங்கும் என்பது நம் சட்டங்களின் வழமை. சிங்களத்தில் முளையம் ‘கலலய’. தமிழில் நாம் தேரும் சொல் அதற்கு நேராக நிற்க வேண்டிய இன்னொரு காரணம் இது.

ஐரோப்பாவில் சொல்லே சட்டத்தில் இருக்கிறது. 98/44 இலக்க உயிரித்தொழினுட்பப் பணிப்புரையின் 6ஆம் உறுப்புரை, மனித முளையங்களைக் கைத்தொழிலுக்கோ வணிகத்துக்கோ பயன்படுத்துவதற்கு ஆக்கவுரிமையை மறுக்கிறது. 2008 நவம்பரில் ஐரோப்பிய ஆக்கவுரிமை அலுவலகத்தின் விரிவாக்கப்பட்ட மேன்முறையீட்டுச் சபை, முளையத்தை அழித்தே பெறக்கூடிய கலங்கள்மீதான விண்ணப்பத்தை, அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகம் சார்ந்த அமைப்பு செய்ததை, தள்ளியது. 2011 அக்டோபர் 18இல் ஜெர்மன் ஆய்வாளர் ஒலிவர் புரூஸ்ட்லேயின் ஆக்கவுரிமைக்கு எதிராகச் சூழல் அமைப்பான கிரீன்பீஸ் தொடுத்த வழக்கில், ஐரோப்பிய நீதிமன்றத்தின் தீர்ப்புப்படி, கருக்கட்டிய முட்டை, கரு மாற்றிய முட்டை, கருக்கட்டாமலே தூண்டிப் பிளவுறச் செய்த முட்டை எல்லாமே முளையம் என்றானது. 2014 டிசம்பர் 18இல் அதே நீதிமன்றம் பிடியைச் சற்றுத் தளர்த்தியது: மனிதனாக வளரும் உள்ளார்ந்த ஆற்றல் இல்லையென்றால் கருக்கட்டாத முட்டை முளையமாகாது.

முளைய மாதிரியுருவின் ஆக்கவுரிமை இன்று ஊசலாடுவது அந்த ‘உள்ளார்ந்த ஆற்றல்’ என்ற தொடரில்தான். ஆற்றல் இல்லை என்று எப்படிக் காட்டுவது? கருப்பையில் வைத்துப் பார்ப்பது எங்கும் ஏற்கப்படாதது, ஏற்கப்படவும் கூடாது. கிட்டிய சான்று குரங்கிலிருந்து வருகிறது. 2023இல் சீன ஆய்வாளர்கள் குரங்கு அரும்பர்ப்போலிகளை 8 பெண் குரங்குகளின் கருப்பையில் வைத்தார்கள். மூன்றில் ஆரம்பக் கர்ப்ப அறிகுறி தெரிந்தது. குட்டி எதுவும் உருவாகவில்லை, சில வாரத்தில் அறிகுறியும் மறைந்தது. இன்றைக்கு இது விண்ணப்பதாரருக்குச் சாதகம். மாதிரியுரு திருந்தத் திருந்த இந்தச் சாதகம் கரைந்துகொண்டே போகும். உரிமை 20 ஆண்டுக்கு என்பதை நினைத்தால் இது சிறிய சிக்கல் அல்ல.

ஐக்கிய அமெரிக்காவில் 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, மனித உயிரியை நோக்கியதோ உள்ளடக்கியதோ ஆன உரிமைக்கோரலுக்கு (எதன்மீது உரிமை வேண்டும் என்று விண்ணப்பத்தில் எழுதும் வாக்கியத்துக்கு) ஆக்கவுரிமை இல்லை என்கிறது. ‘உள்ளடக்கிய’ என்ற சொல்லைக் கவனியுங்கள்: கோரலின் எல்லைக்குள் எங்கோ ஒரு மூலையில் மனித உயிரி விழுந்தாலும் போதும். அவுஸ்திரேலியாவில் நிலை வேறு. தோற்கலங்களை மறுநிரற்படுத்தி (இளநிலைக்குத் திருப்பி) 2021இல் செய்த அரும்பர்ப்போலிகளை அங்குள்ள உரிமம் வழங்கும் குழு சட்டப்படி மனித முளையம் என்றே கொண்டது.

செய்முறைக்கு வருவோம், ஏனெனில் கோரலை எழுதுவது செய்முறையை வைத்துத்தான். வியன்னாவில் நிக்கோலா ரிவ்ரோன் குழு 2021இல் வெளியிட்ட முறையில், ஆரம்பநிலைப் பன்மைத்திறன் கலங்களை (உடலின் எந்தக் கலமாகவும் மாறக்கூடியவற்றை) நுண்குழிகளில் இட்டு, ஹிப்போ, டிஜிஎஃப் பீற்றா, ஈஆர்கே என்ற மூன்று சமிக்ஞைப் பாதைகளையும் தடுக்கிறார்கள். 4 நாளில் 70 சதவீதத்துக்கு மேல் அரும்பர்ப்போலியாகின்றன. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் யேக்கப் ஹன்னா குழு 2023 செப்டெம்பரில் காட்டியது வேறு. கலங்களில் ஒரு பங்கை அப்படியே விட்டு, மற்றப் பங்குகளைச் சூல்வித்தகம், கருவூண்பை முதலியவற்றின் முன்னோடிகளாக இரசாயனத்தால் திருப்பி, ஏறத்தாழ 120 கலங்களைக் கலக்கிறார்கள். சுமார் 1 சதவீதமே சரியாக ஒழுங்கமைகிறது. 8ஆம் நாளில் அது 14 நாள் முளையத்தை ஒக்கிறது. அது சுரக்கும் ஹோர்மோன் கர்ப்பப் பரிசோதனைக் கீற்றில் கர்ப்பம் என்றே காட்டுகிறது.

அந்த 1 சதவீதம் விண்ணப்பத்தில் கழுத்தைப் பிடிக்கும். துறை தெரிந்த ஒருவர் விபரணத்தைப் படித்து அளவுமீறிய முயற்சியில்லாமல் செய்ய முடிய வேண்டும். நூறில் ஒன்றுதான் தேறும் என்றால், தேறியதை எப்படி இனங்காண்பது என்பதை எழுதியாக வேண்டும்: குழிவு எந்நாளில் தோன்றும், விட்டம் என்ன, மூன்று கலவரிசைகளை எந்த அடையாளப் புரதங்களால் சாயமிட்டுப் பார்ப்பது. அரும்பர்ப்போலியில் பொதுவாக நனோக், கட்டா3, கட்டா4. தடுப்பியின் பெயரோடு செறிவு, ஊடகம் மாற்றும் மணி, ஒட்சிசன் வீதம், குழிக்கு எத்தனை கலம் என்பனவும் தேவை. ‘தகுந்த ஊடகத்தில்’ என்று முடித்தால் விபரணம் போதாது என்று திரும்பி வரும்.

‘மனிதக் குருத்துக் கலங்களிலிருந்து ஆய்வுகூடத்தில் பெறப்படும் செயற்கை முளையம்’ என்று ஒருவர் கோரல் எழுதினால் மூன்று இடத்தில் உடையும். பெயரே ஐரோப்பிய, அமெரிக்க விலக்குகளுக்குள் போய் விழுகிறது. குருத்துக் கலம் எங்கிருந்து வந்தது என்ற எல்லை இல்லை. எத்தனை நாள் வளர்ப்பு என்ற எல்லையும் இல்லை. இப்படி எழுதலாம்: ‘மறுநிரற்படுத்திய மனிதப் பன்மைத்திறன் கலங்களை அகரோசு நுண்குழிகளில் இட்டு, மேற்சொன்ன மூன்று பாதைகளின் தடுப்பிகளும் உள்ள ஊடகத்தில் 4 நாள் வளர்த்து, மனிதனாக வளரும் உள்ளார்ந்த ஆற்றலற்ற முளைய மாதிரியுருவைப் பெறும் முறை.’ பொருளைக் கோருவதைவிட முறை, ஊடகம், நுண்குழித் தட்டு, மருந்தின் நச்சுத்தன்மையைச் சோதிக்கும் பயன்பாடு ஆகியவற்றைக் கோருவதே பாதுகாப்பு. ‘முழுத்திறன் கலம்’ என்ற சொல் கோரலுக்குள் வரவே கூடாது. முழு மனித உடலாகும் ஆற்றல் அதற்கு உண்டென்று பிரித்தானிய அலுவலகம் அதை மறுக்கிறது.

மறுநிரற்படுத்திய கலங்களை வலியுறுத்துவதற்குக் காரணம், அவற்றைப் பெற முளையம் எதுவும் அழிவதில்லை. ஜப்பானின் யமனக்கா குழு 2007இல் மனிதக் கலங்களில் காட்டிய வழி அது. முளையத்திலிருந்து பெற்ற கலங்களானால், 2003 ஜூன் 5க்குப் பிந்திய விண்ணப்பத்தை ஐரோப்பிய அலுவலகம் முளையம் அழிந்தது என்ற காரணத்துக்காக மட்டும் மறுப்பதில்லை. கருக்கட்டாத முட்டைவழிக் கலங்களால் அதே வேலையைச் செய்யலாம் என்று அன்றே தெரிந்திருந்தது என்பது அதன் நியாயம்.

விண்ணப்பத்துக்கு முன் மாநாட்டில் படம் காட்டிவிடுவது அடிக்கடி நடக்கும் விபத்து. இலங்கையிலும் அமெரிக்காவிலும் ஒரு வருடச் சலுகை உண்டு. ஐரோப்பாவில் இல்லை, சுவரொட்டியில் ஒட்டிய அன்றே புதுமை போய்விடும்.

கடைசியாக நாட்கணக்கு. முளையத்தை ஆய்வுகூடத்தில் வளர்ப்பதற்கு, பிரித்தானியாவின் 1984ஆம் ஆண்டு வார்னொக் அறிக்கையிலிருந்து வந்த 14 நாள் எல்லை கருக்கட்டலிலிருந்து எண்ணப்படுவது. மாதிரியுருவுக்குக் கருக்கட்டலே இல்லை. ஹன்னாவின் மாதிரியுருவின் 8ஆம் நாள் இயற்கை முளையத்தின் 14ஆம் நாள். ‘8 நாள் முளையம்’ என்றோ ‘14 நாள் மாதிரியுரு’ என்றோ எழுதினால் வாசகர் எந்தக் கணக்கென்று தடுமாறுவார். ‘வளர்ப்பின் 8ஆம் நாளில், 14 நாள் முளையத்தை ஒத்த முளைய மாதிரியுரு’ என்று இரண்டு எண்ணையும் ஒருங்கே எழுத வேண்டும்.