குண்டர் சட்டத்தில் அடைத்துவிட்டால் முதல் வாரத்தில் செய்ய வேண்டியது

போராட்டத்தில் கைதானவருக்கு ஜாமீன் கிடைக்கப்போகும் நேரத்தில், சிறைக்குள்ளேயே குண்டாஸ் உத்தரவு வந்து சேருவதுண்டு. இது தண்டனை அல்ல, இனி குற்றம் செய்யக்கூடும் என்று சொல்லி முன்கூட்டியே அடைக்கும் தடுப்புக் காவல். 1982-ஆம் ஆண்டு தமிழ்நாடு சட்டம் 14-இன் கீழ் மாநகரில் காவல் ஆணையரோ மாவட்டத்தில் ஆட்சியரோ உத்தரவு போடுவார்கள். வழக்கு விசாரணையே இல்லாமல் 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். ரவுடிகளுக்கான சட்டம் என்று சொல்லப்பட்டாலும், 2017 மே மாதம் மெரினாவில் முள்ளிவாய்க்கால் நினைவேந்தலுக்குக் கூடிய மே 17 இயக்கத்தின் திருமுருகன் காந்தி உள்ளிட்ட நால்வர் மீதும் இதுதான் பாய்ந்தது. அந்த உத்தரவுகளைச் செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

இந்த உத்தரவுக்கு ஜாமீன் கிடையாது. கைகொடுப்பது அரசியல் சட்டம் 22(5): அடைத்ததற்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், எதிர்த்து முறையிடவும் வாய்ப்பு தர வேண்டும். காரணங்களும் ஆவணங்களும் 5 நாளுக்குள் ஒரு கட்டாகக் கைதியிடம் தரப்படும். அதன் நகலை உடனே வாங்கிப் பக்கம் பக்கமாகப் பாருங்கள். எழுத்து தெரியாத பக்கம், விடுபட்ட தாள், தமிழ் மட்டும் தெரிந்தவருக்குத் தமிழாக்கம் இல்லாமல் தந்த ஆங்கில ஆவணம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ரிமாண்ட் (நீதிமன்றக் காவல்) உத்தரவுக்குத் தமிழாக்கம் தராத ஒரே குறைக்காக, பவுனம்மாள் (Powanammal) வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம் காவலையே ரத்து செய்தது. அடுத்து, ஏற்கெனவே சிறையில் இருப்பவரை அடைக்கக் காரணமாகக் காட்டும் "இதேபோன்ற வழக்கில் ஜாமீன் தரப்பட்டுள்ளதால் இவரும் வெளியே வந்துவிடுவார்" என்ற வரியைத் தேடுங்கள். அந்த வழக்கின் எண்ணும் தேதியும் உண்டா? இவருடைய ஜாமீன் மனு நிலுவையில் இருந்ததா? விவரமில்லாத வெறும் ஊகம் செல்லாது என்பது ரேகா வழக்கின் 2011 தீர்ப்பு.

பிறகு முறையீடு. உத்தரவிட்ட அதிகாரி, கோட்டையிலுள்ள உள்துறை, மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறைச் செயலர், காவலுக்குப் போதிய காரணம் உண்டா என்று ஆராயும் அறிவுரைக் கழகம் என மூவருக்கும் தனித்தனியாக எழுதி, சிறைக் கண்காணிப்பாளர் வழியாகவும் அஞ்சலிலும் அனுப்புங்கள். ரசீது பத்திரம். பலர் வக்கீல் கிடைக்கட்டும் என்று இதைத் தள்ளிப்போடுகிறார்கள். அது பெரிய இழப்பு. முறையீட்டை அரசு காரணமின்றிக் கிடப்பில் போட்டால், அந்தத் தாமதமே உத்தரவைச் சாய்க்கும். முறையீடே போகாவிட்டால் அந்த வாதமும் இல்லை.

அரசு 12 நாளுக்குள் உத்தரவை அங்கீகரிக்க வேண்டும், 3 வாரத்துக்குள் அறிவுரைக் கழகத்துக்கு அனுப்ப வேண்டும், காவலில் வைத்த 7 வாரத்துக்குள் கழகம் அறிக்கை தர வேண்டும். போதிய காரணமில்லை என்று கழகம் சொன்னால் விடுவித்தே ஆக வேண்டும். அங்கே வக்கீல் வைக்க உரிமையில்லை. வக்கீல் அல்லாத உறவினரோ நண்பரோ உடனிருக்க முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

காவலே சட்டப்படி செல்லாது என்று விடுதலை கேட்கும் ஆட்கொணர்வு மனுவை உயர் நீதிமன்றத்தில் தாயோ மனைவியோ போடலாம். ஆனால் அதில் வென்றாலும் குண்டாஸ் மட்டும்தான் நீங்கும். மூல வழக்கில் ஜாமீன் வாங்காதவர் உள்ளேயேதான் இருப்பார். ஆகவே அந்த வழக்கின் தேதிகளை விடாமல் கவனியுங்கள்: குற்றத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் உரிமையாகிவிடும். குற்றப்பத்திரிகை வருவதற்குள் மனு போட்டிருக்க வேண்டும்.